யோரிஸுக்குத் தீனி போட்டது யார்?

ஹார்லிங்கன் துறைமுகத்தில் வீட்ஸ்கேயைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவருக்கு முதுகுவலியே வந்ததில்லை என்று அர்த்தம். ஊர்க்காரர்களின் கழுத்தையும் இடுப்பையும் முட்டியையும் பிசைந்து, முறுக்கி, நிமிர்த்தி அனுப்புகிற பிசியோதெரபிக்காரி அவள். அவளுடைய நிலையத்தில் முன்மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிறவள் நான், ஹிங்கே. இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு.

முப்பத்தொன்றாம் வயதில் அவளுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அப்பா வழியில் வந்த நோய். யாராவது அதைக் கேட்டு உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "கண்ணு போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே புருஷன் போயிட்டான். ரெண்டுக்கும் சம்பந்தமில்ல. ஆனா ஒண்ணு, அவனைப் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்தப்போ எனக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பாள். அதற்கு மேல் உச்சுக்கொட்ட யாருக்கும் வாய் வராது.

குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். புது ஆள் வைத்தியத்துக்கு வந்தால், உள்ளறையில் விளக்கைப் போடாமலே, "வாங்க, சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க" என்பாள். வந்தவர் நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டு, கோட் மாட்டும் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, கட்டிலைத் தடவித் தடவித் தேடுவார். நன்றாகத் தேடவிட்டு, "ஓ, உங்களுக்கு விளக்கு வேணுமா? பாவம், பழக்கமில்லல்ல" என்பாள். முன்மேசையில் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

யோரிஸ் அவளுடைய மூன்றாவது வழிகாட்டி நாய். வெளிர்மஞ்சள் லாப்ரடார். முகத்தைப் பார்த்தால் கோவில் பணத்தைக்கூட நம்பிக் கொடுக்கலாம். முதுகுப் பட்டையை மாட்டிவிட்டால் அவன் வேலையில் இருக்கிறான் என்று பொருள். கடை, பேருந்து, வங்கி, தேவாலயம், தீவுக்குப் போகும் கப்பல் என்று எங்கேயும் அவளோடு போவான். பேருந்தில் ஏறினால் சனங்கள் அவளை விட்டுவிட்டு நாயிடம்தான் பேசுவார்கள். "எங்க கிளம்பிட்டீங்க செல்லம்?" என்று ஒரு அம்மாள் குனிந்து கேட்பாள். வீட்ஸ்கே கட்டைக் குரலில், "பல் டாக்டர்கிட்ட. இவளுக்குத்தான், எனக்கில்ல" என்று நாய்க்காகப் பதில் சொல்வாள்.

பட்டையின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: வேலையில் இருக்கிறேன், தொடாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் வாசித்த ஒவ்வொருவரும் அது மற்றவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டார்கள். வம்பே அங்கேதான் தொடங்கியது.

அந்த வருடம் வசந்தத்தில் கால்வாய்க் கரையில் இருந்த பழைய கிடங்கு ஒன்றில் லோல்கே என்பவன் உணவகம் திறந்தான். ஆறடி உயரம், பீப்பாய் மாதிரி உடம்பு, மணியடித்த மாதிரிக் குரல். என் பிறந்தநாளுக்கு அங்கே சாப்பிடலாம் என்று நானும் வீட்ஸ்கேயும் யோரிஸோடு போனோம். வாசலிலேயே லோல்கே கையை விரித்து மறித்தான்.

"மன்னிக்கணும் மேடம், நாய் உள்ள வரக்கூடாது."

"நாய் எங்க வருது? நான்தான் வர்றேன். அவன் எனக்கு வழி காட்டுறான்."

"புரியுது. ஆனா போர்டு போட்டிருக்கேன்."

"போர்டா? எங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள் வீட்ஸ்கே. "நான் பாக்கவே இல்லையே."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். லோல்கேயின் முகம் பீட்ரூட் ஆனது. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் மேடம்."

"ரொம்ப நல்லது. வழிகாட்டி நாயை எங்கயும் தடுக்கக்கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. படிச்சுக் காட்டவா? என்கிட்ட விரலால தடவிப் படிக்கிற பிரதிதான் இருக்கு, பரவாயில்லையா?"

"நாயை வாசல்ல கட்டுங்க. நானே உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"சரி. அப்ப நீங்க உங்க காலைக் கழட்டி வாசல்ல வைங்க. நான் உங்களை உப்புமூட்டை தூக்கிட்டுப் போறேன்."

மறுபடியும் சிரிப்பு. லோல்கே கதவை மூடிவிட்டான். என் பிறந்தநாள் விருந்து துறைமுகச் சுவரில் நடந்தது. மீன்கடை அவுகேயிடம் பொட்டலம் கட்டி வாங்கிய பொரித்த மீனைக் கடல்காற்றில் தின்றோம். புகார் எழுதிப் போடலாம் என்று நான் குதித்தேன்.

"சட்டம் நம்ம பக்கம்தான் ஹிங்கே" என்றாள் அவள். "ஆனா சட்டத்தைப் பக்கத்துல உக்கார வச்சுச் சாப்பிட்டா சூப் ஆறிப்போயிடும். அவனா கூப்பிடட்டும்."

அவனாகக் கூப்பிடும்வரை சும்மா இருக்கிற ஆளா அவள்? வியாழக்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்கு உணவகத்துக்குத் தொலைபேசி போடுவாள். ஒருநாள் கிழவி குரல், ஒருநாள் ஜெர்மன்காரி குரல். "இன்னைக்கு என்ன சூப்?" என்று கேட்டு, அவன் சொல்வதை நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்டு, கடைசியில், "நாய்க்கு அனுமதி உண்டா?" என்பாள். "இல்ல மேடம்." "அப்ப சரி, அடுத்த வாரம் பாப்போம்." மூன்றாவது வாரமே லோல்கேவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வியாழனும் அவனே தொலைபேசியை எடுத்து, சூப்பைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான். எனக்கு அப்போதே அது விசித்திரமாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் நாய்ப்பள்ளியிலிருந்து மார்லீன் வந்தாள். யோரிஸுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவள்தான். வருடத்துக்கு ஒருமுறை வந்து அவனுடைய நடையையும் எடையையும் பார்ப்பாள். தட்டுத் தராசில் அவனை ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். இறக்கினாள். மறுபடியும் ஏற்றினாள்.

"முப்பத்தெட்டு கிலோ எண்ணூறு" என்றாள். "போன வருஷம் முப்பத்திரண்டு. வீட்ஸ்கே, நான் உங்களுக்குக் குடுத்தது நாய். இது சோபா."

"முடி கொஞ்சம் அடர்த்தியா வளர்ந்திருக்கு."

"ஏழு கிலோவுக்கா? விளையாடாதீங்க. மூட்டு போயிடும் இவனுக்கு. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. தீனிக்கு அலையிற நாய் ரோட்டைப் பாக்காது, கையைத்தான் பாக்கும். யாரோ இவனுக்குத் தீனி போடறாங்க. ஜனவரி கடைசியில திரும்ப வருவேன். முப்பத்திநாலுக்குக் கீழ இருக்கணும். இல்லைன்னா நான் இவனைக் கூட்டிட்டுப் போயிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

அன்று சாயங்காலம் வீட்ஸ்கே ஒரு வேடிக்கையும் பேசவில்லை. நான் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது யோரிஸின் தலையில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "முதல் நாய் செத்து ரெண்டாவது வர்றதுக்குப் பதினொரு மாசம் ஆச்சு. வெள்ளைக் குச்சியை வச்சுத்தான் ஓட்டினேன். குச்சி இடிச்சப்புறம் சொல்லும். நாய் இடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பதினொரு மாசம் நான் துறைமுகம் பக்கமே போகல, தெரியுமா உனக்கு?"

நான் பூட்டிய மேசையையே மறுபடியும் பூட்டினேன். அதற்கு ஒரு காரணம் பரிதாபம். இன்னொரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து யோரிஸுக்கு அளந்த தீனி. நடுவில் பசித்தால் கேரட். கேரட்டை அவன் வாயில் வாங்கி, அவமானப்பட்டவன் போலத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். மூன்று வாரம் இப்படிப் போனது. எடை பார்த்தோம். முப்பத்தொன்பது கிலோ நூறு.

"கேரட் தின்னு யாராவது பெருப்பாங்களா?" என்றாள் வீட்ஸ்கே.

"குதிரை பெருக்கும்" என்றேன்.

"இது குதிரை இல்ல. ஊர்ல திருட்டுக் கை இருக்கு."

கடை கடையாகப் போய் விசாரித்தாள். மீன்கடை அவுகே நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தான்: "நானா? ஒரு முள்ளுகூடப் போட்டதில்ல." கால்வாய்ப் பாலத்தைப் படகுகளுக்காகத் தூக்கிவிடும் பாலக்காரருக்குக் காது மந்தம். அவரிடம் கத்திக் கேட்டதற்கு, "நாயா? எந்த நாய்?" என்றார். ரொட்டிக்கடைக்காரி கோபித்துக்கொண்டாள். பாடகர் குழுவை நடத்துகிறவர் வருத்தப்பட்டார். ஊரே உத்தமர்கள்.

ஒரு புதன்கிழமை காலை வீட்ஸ்கே என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"முடிவெட்டப் போறேன்னு சொன்னியே, இன்னைக்கே போ. போயி அந்தக் கடைக்காரிகிட்ட ரொம்ப ரகசியமா ஒரு விஷயம் சொல்லு. யோரிஸ் வயித்துல ஒரு பூச்சி. நாய்க்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா கையால தீனி குடுத்தவங்களுக்கு ஒட்டிக்கும். முதல்ல இடது காதுமடல் அரிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னன்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறாருன்னு சொல்லு. மிச்சத்தை அவங்களே கற்பனை பண்ணிப்பாங்க."

"இது பொய்யில்லையா வீட்ஸ்கே?"

"பச்சைப் பொய். அவங்க மட்டும் என்ன, பைபிளா வாசிச்சாங்க? முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்."

முடிவெட்டும் கடைக்காரியிடம் ரகசியம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று. வெள்ளிக்கிழமை சந்தை கூடுவதற்குள் பூச்சி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நானும் வீட்ஸ்கேயும் யோரிஸோடு சந்தையைச் சுற்றினோம். நான் பார்த்துப் பார்த்து அவள் காதில் சொல்லவேண்டும், அதுதான் ஏற்பாடு.

அவுகே ஒரு கையால் மீன் வெட்டிக்கொண்டு மறுகையால் இடது காதைச் சொறிந்துகொண்டிருந்தான். காது முழுக்க மீன்செதில் ஒட்டி, வெயிலில் வெள்ளித் தோடு போட்ட மாதிரி மின்னியது. ரொட்டிக்கடைக்காரி தோளால் காதைத் தேய்த்துக்கொண்டே சில்லறை எண்ணினாள். பாலத்தருகே போனபோது நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. பாலக்காரர் இடது காதில் கைவைத்ததும் அவருடைய காதுக்கருவி "குவீ" என்று கத்தியது. "ஒண்ணு" என்றாள் வீட்ஸ்கே. மறுபடியும் குவீ. "ரொம்பவே குடுத்திருக்கார் போல."

நெருக்கிக் கேட்டதில் அவர் ஒப்புக்கொண்டார். படகுக்காரர்களிடம் கட்டணம் வாங்க, தூண்டில் கம்பில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுவார்கள் அல்லவா, அதே மரச்செருப்பில் சீனி ரொட்டித் துண்டை வைத்து, மேலிருந்தபடியே யோரிஸின் மூக்குக்கு நேராக இறக்குவாராம். "தீனி போடாதீங்கன்னுதானே எழுதியிருக்கு? நான் போடல, இறக்கினேன்" என்று வாதம் வேறு.

அன்று மாலைப் பாட்டுப் பயிற்சியில் குழுத் தலைவர் வலது கையால் மட்டுமே தாளம் காட்டினார், இடது கை காதை விட்டு இறங்கவில்லை. இடது கையைப் பார்த்துப் பாடும் பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தொலைபேசி செய்து, காதுக் களிம்பு தீர்ந்துவிட்டது, ஊரில் என்னதான் நடக்கிறது என்று கேட்டார். மொத்தம் பதினாலு பேர். நான் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்ஸ்கே தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"ஹிங்கே."

"என்ன?"

"உன் தோடு ஏன் கிலுகிலுங்குது?"

என் கை என் இடது காதில் இருந்தது. பூச்சியே கிடையாது என்று ஊரிலேயே அவளுக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான். ஆனாலும் இரண்டு நாளாக அரிப்பு தாங்கவில்லை.

"காப்பி பிஸ்கட்" என்றேன். "பாதிதான். காலையில பாதி, சாயங்காலம் பாதி. அந்த முகத்தை வச்சுக்கிட்டு அவன் பாக்கறப்போ... உங்களுக்கு அது தெரியாது வீட்ஸ்கே."

"தெரியாதுதான். அதனாலதான் அவன் உன்னைப் பாக்கறான்." கோபமாகத்தான் இருந்தாள் என்று இப்போதும் நினைக்கிறேன். பிறகு பெருமூச்சு விட்டு, "பதினஞ்சு. ஆனா பிஸ்கட்டும் ரொட்டித் துண்டும் ஏழு கிலோ ஏத்தாது. இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கை இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை காலை அந்தப் பெரிய கை தானாகவே நடந்து வந்தது. கதவு திறந்தது, கதவை அடைத்துக்கொண்டு லோல்கே நின்றான். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டியிருந்தான். யோரிஸ் படுத்த இடத்திலிருந்து வாலால் தரையைத் தடதடவென்று அடித்தான். பணியில் இருக்கிற நாய் அந்நியனைப் பார்த்து இப்படி வாலடிக்காது.

"யாரு?" என்றாள் வீட்ஸ்கே.

"லோல்கே. உணவகம்." அந்த மணிக்குரல் கம்மியிருந்தது. "மேடம், எனக்கு எத்தனை நாள் இருக்கு?"

"எதுக்கு?"

"உயிரோட."

நான் பைல் ஒன்றை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். வீட்ஸ்கேயின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"அது எவ்வளவு குடுத்தீங்கங்கிறதைப் பொறுத்தது. ஒண்ணுவிடாம சொல்லுங்க."

சொன்னான். மாட்டெலும்பு, குழம்போடு. ஈரல் தொத்திறைச்சி. வெண்ணெயில் பொரித்த மீன்தோல். சனிக்கிழமைக்கு ஆட்டுக்கொழுப்பு. நிலையத்துக்கு அவள் வரும் வழியில், காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், உணவகத்தின் பின்சந்தில்.

"நான் அந்தச் சந்து வழியா வர்றதே இல்லையே!"

"வர்றீங்க மேடம். அவன் கூட்டிட்டு வர்றான். என் சமையலறைக் கதவுக்கு முன்னாடி நின்னுடுவான். நீங்க, 'என்னடா, லாரி நிக்குதா?'ன்னு கேப்பீங்க. நான் மூச்சுவிடாம நிப்பேன். அவன் தின்னு முடிச்சதும் கிளம்புவான்."

"லாரி சத்தம் கேக்குமே!"

"அது என் சமையலறை விசிறி."

வீட்ஸ்கே தன் நாற்காலியையே தடவித் தடவித் தேடினாள். அவளை அப்படி நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெதுவாக உட்கார்ந்தாள். "தினமும் அந்த லாரிக்காக நின்னிருக்கேன். நின்னதுக்கு அவனை, 'சமத்துடா, எவ்வளவு கவனம்'னு தட்டிக் குடுத்திருக்கேன். ஆறு மாசம்!" யோரிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

லோல்கே தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான். காது தக்காளி மாதிரி இருந்தது. "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வீம்பு வந்திருச்சு. ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் காலையில குப்பை கொட்ட வந்தேன். சந்து முனையில நீங்க ரெண்டு பேரும் போயிட்டிருந்தீங்க. இவன் திரும்பி என்னைப் பாத்தான். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனால இவன்கிட்ட கேட்டேன்."

"ஆறு மாசமாவா கேட்டீங்க?"

"ஒரு தடவையில மன்னிக்கிற ஆள் இல்ல மேடம் இவன்."

வீட்ஸ்கே சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். லோல்கேவும் நானும் விழித்தோம். "சரி, நாய் மன்னிச்சிருச்சு" என்றாள் ஒருவழியாக. "நான் இன்னும் சாப்பிடலையே. பூச்சியும் கிடையாது, புழுவும் கிடையாது. போய்க் காதுல தண்ணியை ஊத்துங்க."

"அப்ப இந்த அரிப்பு?"

"மனசாட்சி. அது இடது பக்கம்தான் இருக்குமாம்."

ஊர்க்காரர்களுக்கும் அன்றே உண்மை தெரிந்தது. சிலர் திட்டினார்கள், மருந்துக்கடைக்காரர் மட்டும் நன்றி சொன்னார். ஆனால் மார்லீன் நாயைக் கொண்டுபோய்விடுவாள் என்ற செய்தி கேட்டதும் எல்லோருக்கும் திட்டு அடங்கிவிட்டது. அதுவரை யாரும் தன் ஒரு துண்டை மற்ற பதினைந்து துண்டோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

தண்டனையை வீட்ஸ்கே அறிவித்தாள்: கொழுப்பை ஏற்றியவர்களே கரைக்க வேண்டும். பட்டையைக் கழற்றிவிட்டால் யோரிஸ் வெறும் நாய். அவனோடு கடல் அணைக்கரையில் தினமும் காலை ஒருவர் ஓடவேண்டும். முறை வைத்துப் பெயர் எழுதி நிலையத்துச் சுவரில் ஒட்டினேன். பாலக்காரருக்கு வயதைப் பார்த்து நடைக்கு அனுமதி. லோல்கேவுக்கு வாரத்தில் இரண்டு நாள். முதல் நாள் அவன் முந்நூறு அடி ஓடிவிட்டுப் புல்லில் மல்லாந்து விழுந்தான். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வந்து மோந்து பார்த்தன. யோரிஸ் அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை மதியம் அவுகேயின் பெரிய மீன்தராசில் எடை பார்ப்பது வழக்கமாயிற்று. பெரிய கூட்டமே கூடும். எடையை அவுகே தன் கரும்பலகையில், மத்திக்கும் தட்டைமீனுக்கும் நடுவில், சாக்கட்டியால் எழுதிவைப்பான். 'யோரிஸ் 37.4.' ஒரு சுற்றுலாக்காரி அதைப் படித்துவிட்டு, "யோரிஸ்ல அரைக் கிலோ குடுங்க, முள் அதிகமா இருக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்குள் முப்பத்தைந்துக்கு வந்தான். புத்தாண்டு முடிந்து பார்த்தால் நானூறு கிராம் ஏறியிருந்தது. கூட்டம் ஒருவரை ஒருவர் முறைத்தது. பாலக்காரரின் கருவி குவீ என்றது.

"எண்ணெய்ப் பணியாரம்" என்றார் அவர். "கைதவறி விழுந்துருச்சு."

"எங்க விழுந்துச்சு?" என்றாள் வீட்ஸ்கே.

"அவன் வாய்க்குள்ள."

அவருக்கு நடை இரட்டிப்பானது.

ஜனவரி கடைசி வாரம் மார்லீன் வந்தாள். மேற்குக் காற்று கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. யோரிஸைத் தராசில் ஏற்றினாள். முப்பத்துமூன்று கிலோ தொள்ளாயிரம். நான் கைதட்டினேன். "இருங்க" என்றாள் அவள். "எடை பாதிதான். ஊருக்குள்ள நடந்து காட்டணும். இவன் எதைப் பாக்கறான்னு நான் பாக்கணும்."

வீட்ஸ்கேயும் யோரிஸும் முன்னால் நடந்தார்கள். இருபதடி பின்னால் மார்லீனும் நானும். ஊரே செய்தி தெரிந்து நின்றது. அவுகே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தான். ரொட்டிக்கடைக்காரி கையை அக்குளில் செருகியிருந்தாள். பாலக்காரர் மரச்செருப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ் சோதனைக்கு நிற்கிற மாதிரி இருந்தது. யோரிஸ் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போனான்.

கால்வாய்க் கரையில் லோல்கேயின் உணவகத்து முன்வாசலை நெருங்கியபோது நின்றுவிட்டான்.

"முன்னே போ" என்றாள் வீட்ஸ்கே. அவன் நகரவில்லை. "யோரிஸ், முன்னே!" ஆறு மாத லாரி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பட்டைப் பிடியை உலுக்கி, அவனைத் தாண்டி ஒரு காலை எடுத்துவைக்கப் போனாள். யோரிஸ் குறுக்கே திரும்பி, அவளுடைய முழங்காலுக்கு முன்னால் உடம்பை வைத்து அழுத்தி நின்றான்.

மார்லீன் ஓடினாள். "வீட்ஸ்கே, அப்படியே நில்லுங்க! நிலவறைக் கதவு திறந்து கிடக்கு. உங்க காலுக்கு ரெண்டடி முன்னாடி."

நடைபாதையில், பீர்ப் பீப்பாய் இறக்குவதற்காக இரும்புக் கதவைத் திறந்துபோட்டு, தடுப்பு வைக்காமல் யாரோ உள்ளே போயிருந்தார்கள். குழி எட்டடி ஆழம். அந்தக் குழியிலிருந்தே லோல்கேயின் தலை மேலே வந்தது. நிலைமையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்ஸ்கே அப்படியே குனிந்து யோரிஸின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று பெரிதாக இருந்தது.

மார்லீன் தன் நோட்டில் ஏதோ எழுதி மூடினாள். "நாய் உங்களுக்குத்தான்" என்றாள். பிறகு லோல்கேயைப் பார்த்து, "நீங்கதான் அந்த ஆட்டுக்கொழுப்பா?" என்றாள்.

அவன் மேலே ஏறி வந்தான், இரும்புக் கதவைச் சாத்தினான், முன்வாசலுக்குப் போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த போர்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். பசை பழசு, லேசில் வரவில்லை. நாங்கள் மூவரும் குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன சத்தம் அது?" என்றாள் வீட்ஸ்கே.

"போர்டைச் சுரண்டுறேன் மேடம்."

"நல்லாச் சுரண்டுங்க. நான் அதை இன்னும் பாக்கவே இல்ல, தெரியும்ல?"

அன்றைக்குப் பட்டாணி சூப். இரண்டு மணிநேரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். யோரிஸ் மேசைக்கடியில் தூங்கினான். லோல்கே ஒவ்வொரு தட்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான், சந்தேகத்துக்கு இடமில்லாமல். சூப்பில் உப்பு குறைவு என்று வீட்ஸ்கே மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அவன் சந்தோஷமாக உப்புக் கொண்டுவந்தான்.

யோரிஸ் பத்து வயது வரை வேலை பார்த்தான். அதன்பிறகும் அவளோடுதான் இருந்தான். போன வருடம் அவளுடைய அடுப்புக்குப் பக்கத்தில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். இப்போது அவளை நடத்துவது கறுப்புப் பூடில் நாய் ஒன்று. அதற்கு மனிதர்களையே அவ்வளவாகப் பிடிக்காது, ஊரில் யாரும் அதற்கு ஒன்றும் நீட்டுவதும் இல்லை.

அந்த ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு காலை இன்னும் ஓடுகிறார்கள், இப்போது சேர்ந்தே. நேற்றுகூட அணைக்கரையில் பார்த்தேன். லோல்கே முன்னால், அவுகே பின்னால், ரொட்டிக்கடைக்காரி, குழுத் தலைவர் என்று ஒன்பது பேர். எதிர்க்காற்றில் மூச்சுவாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, கூட ஒரு நாயும் இல்லாமல்.